சிட்டுக்கு வார் மாட்டுகிற கை

நுவரெலியா ஏரிக்கரையில் குதிரை நடத்துகிறவர்களில் எனக்குப் பிடித்தவர் சோலைமலை அண்ணன் ஒருவர்தான். மற்றவர்கள் குதிரையை என் கடை வாசலில் நிறுத்தி லத்தி போட வைப்பார்கள். அவர் தள்ளி நிறுத்துவார். என் பெயர் பஸ்மிலா. கம்பளித் தொப்பி, காதுமூடி, கையுறை விற்கிறேன். கொழும்பிலிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கி, ஏரிக்காற்று ஒரு தடவை வீசியதும் பல் தந்தியடிக்க ஓடிவருகிற ஆட்களால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

தொப்பி விற்கிறவளுக்கு ஆட்களின் முகத்தைவிடத் தலைதான் நினைவில் நிற்கும். சோலைமலை அண்ணனுக்குப் பெரிய தலை. என்னிடம் உள்ளதில் பெரிய தொப்பியும் அவருக்குக் காதுக்கு மேலேயே நின்றுவிடும். அவர் மனைவி வேலாயி அக்கா பின்னிக் கொடுத்த பழுப்புத் தொப்பி ஒன்றை, நூல் பிரிந்து தொங்கத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவார். "அண்ணே, இதக் கழட்டிக் குதிரைக்குப் போட்டு விடுங்க, ஒங்களுக்குப் புதுசு ஒண்ணு சொல்லி எடுத்துத் தாரேன்" என்பேன். "அவளுக்குக் காது தாங்காது தங்கச்சி" என்பார். கிண்டலுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அவர் நடத்துவது ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது. ஓட்டம் குறைந்ததும் சுமன் முதலாளி அதை வாங்கிச் சவாரிக்கு விட்டார். டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், ஏரிக்கரையில் மூன்று குதிரை என்று வாழ்கிற இளவயது முதலாளி அவர். அவர் வைத்த பெயர் லேடி. சோலைமலை அண்ணன் வைத்த பெயர் சிட்டு. சிட்டு என்று கூப்பிட்டால்தான் அது திரும்பிப் பார்க்கும்.

முன்பு இருந்த இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அதன் காதைப் பிடித்து இழுத்தே வேலை வாங்கியிருக்கிறான். அதனால் காதுப் பக்கம் ஒரு கை வந்தால் போதும், முன்காலைத் தூக்கிவிடும். முதலாளியிடம் வந்த புதிதில் இரண்டு பேர் அதற்குக் கடிவாளம் மாட்டப் பார்த்தார்கள். ஒருவர் பல் போய், மற்றவர் மானம் போய் ஒதுங்கிக்கொண்டார்கள்.

குதிரையின் தலையில் இருப்பதை எல்லோரும் கடிவாளம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதில் எத்தனை துண்டு என்று தெரியும். வாய்க்குள் ஓர் இரும்பு. அதன் இரண்டு பக்கமும் வளையம். வளையத்திலிருந்து கன்னத்தோடு மேலே ஏறுகிற வார். மூக்கைச் சுற்றி ஒன்று, தொண்டைக்கு அடியில் ஒன்று, நெற்றிக்குக் குறுக்கே ஒன்று. இத்தனையையும் தூக்கிப் பிடிக்கிற உச்சி வார் காதுகளுக்குப் பின்னால் உட்காரும். மற்றக் குதிரைகளுக்கு எல்லாவற்றையும் கோத்தபடியே தூக்கி, காதை மடித்து உள்ளே இழுத்துவிட்டு, ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

சோலைமலை அண்ணன் அப்படிச் செய்யவில்லை. கடிவாளத்தை முழுதாகப் பிரித்துப்போட்டார். நெற்றி வாரை அறுத்தே எறிந்துவிட்டார். தினமும் விடிந்ததும் கொட்டிலுக்குள் போய், சிட்டின் முகத்தின் மேலேயே ஒவ்வொரு துண்டாக வைத்துக் கட்டுவார். முதலில் மூக்கு வார். பிறகு பெருவிரலை வாயோரத்தில் பல் இல்லாத இடத்தில் வைத்து இரும்பைக் கொடுப்பார். பிறகு கன்னம். கடைசியில் உச்சி வாரைக் கழுத்தின் பின்பக்கமாகக் கொண்டுவந்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி, காதில் படாமல் படுக்கவைத்துப் பூட்டுவார். கொட்டிலில் என் தொப்பி மூட்டைகளும் கிடப்பதால் நான் அங்கே இருப்பேன். வெளியாட்கள் யாரையும் அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார். மந்திரம் போடுகிறார் என்று ஊருக்குள் பேச்சு. நான் திருத்தப் போகவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அவர் ஏன் ஒளித்தார் என்று சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் குதிரை முதலாளியுடையது, சேணம் முதலாளியுடையது, நடத்துகிறவனுக்குக் கை மட்டும்தான் சொந்தம். ஒரு நாள் பஸ் கிடைக்காமல் பிந்தி வந்தால், உன் குதிரையை வேறொருத்தன் பிடித்துக்கொண்டு நிற்பான். அதனால் ஒவ்வொருவரும் தன் குதிரை தன் கைக்கு மட்டும் அடங்குகிற மாதிரி ஏதோ ஒன்றைப் பழக்கி வைத்திருப்பார்கள். ஒருத்தர் சீட்டியடித்தால்தான் குதிரை நடக்கும். இன்னொருத்தர் கருப்பட்டி காட்டினால்தான் ஏற விடும். சோலைமலை அண்ணன் ஒரு படி மேலே போனார். வேறு ஆள் சிட்டின் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோனால், நாக்கை மடித்து மெல்ல ஒரு சத்தம் கொடுப்பார். உடனே சிட்டு தலையை உதறும். பயந்த குதிரையைப் பயத்திலேயே வைத்திருந்தார். பிழைப்பு அப்படி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஆனால் அது நல்ல காரியமும் இல்லை.

அந்தக் காரியம் நன்றாகவே பலித்தது. அவரை யாராலும் மாற்ற முடியவில்லை. அவரால் ஒரு நாள் லீவும் போட முடியவில்லை.

மகள் லோஜினியின் கல்யாணம் கொட்டகலையில் நடந்தது. ஏப்ரல் சீசன், ஏரிக்கரையில் சனம் அலைமோதுகிறது. அண்ணன் விடியற்காலையில் சிட்டுக்கு வார் மாட்டி வேறொருவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தாலி கட்டியதும் திரும்பி வந்தார். வார் கழற்றவும் அவர் கைதான் வேண்டும். கல்யாணப் படத்தில் எல்லோரும் பட்டும் வேட்டியுமாக நிற்க, இவர் மட்டும் கம்பளிக் கோட்டும் குதிரை மயிருமாக ஓரத்தில் நிற்கிறார். பந்திச் சாப்பாட்டை வாழையிலையில் கட்டி என் கடையில் வைத்துத்தான் சாப்பிட்டார்.

வேலாயி அக்கா உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்தவர். லயத்து வரிசை வீட்டிலிருந்து அவர் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போவார், இவர் பஸ் பிடித்து ஏரிக்கு வருவார். மகளை அனுப்பிவைத்த பிறகு, தோட்டத்தில் வேலை நாளும் குறைந்து போகவே, அக்கா கொழும்புக்குப் போனார். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் வயதான தம்பதிக்குச் சமைத்துப் போடுகிற வேலை. போன கொஞ்ச நாளில் எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, கூடைக் கயித்தால உச்சியில முடி தேஞ்சிருந்திச்சே, அங்க முடி மொளைக்குது!" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். அவரை அப்படிச் சிரிக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு நீடிக்கவில்லை. அங்கே அவருக்குப் பேச ஆள் இல்லை. கிழவருக்குக் காது கேட்காது, கிழவி எந்நேரமும் டிவி. நல்ல நாள் பெரிய நாளுக்குக்கூட அண்ணனால் போய்ப் பார்க்க முடியவில்லை. ஒரு தீபாவளிக்கு அக்கா வந்தார். இவர் விடியமுன் கிளம்பி இருட்டியதும் வந்தார். வந்த அக்கா லயத்தில் தனியாகப் பலகாரம் சுட்டுத் தனியாகத் தின்றுவிட்டுப் போனார்.

போன மார்கழியில் அந்தக் குடியிருப்பில் வாசல் காவல்காரர் வேலையை விட்டு நின்றார். அந்த வேலையோடு, தங்கக் கீழ்த்தட்டில் ஓர் அறையும் உண்டு. வேலாயி அக்கா தைரியமாகப் போய்த் தன் புருஷனுக்கு அந்த வேலையைக் கேட்டார். சரி என்றார்கள். தைப்பொங்கல் முடிந்த மறுநாள் ஆள் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்போம் என்றார்கள்.

அண்ணன் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். அதனால் அக்கா சொன்னது என் காதிலும் விழுந்தது.

"இங்க பாருங்க. கட்டின நாள்லேருந்து ஒங்ககிட்ட நான் எதும் கேட்டதில்ல. இத மட்டும் கேக்குறேன். வாங்க. ஒரே கூரையில இருந்து சோறு தின்னுட்டுச் சாவோம். இந்தத் தடவ வரலைன்னா நான் இனிமே ஒங்களக் கூப்புட மாட்டேன். சத்தியமாக் கூப்புட மாட்டேன்."

"வாரேன் வேலாயி" என்றார் அண்ணன். அவருக்கு நெஞ்சு நிறைய ஆசை இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அன்று முழுக்கச் சிட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "காவக்காரங்களுக்குத் தொப்பி அவுங்களே குடுப்பாங்களா தங்கச்சி, நம்ம தலைக்கு ஆவுமா?" என்று கேட்டார். "ஒங்க தலைக்கு வாளியத்தான் கவுக்கணும்" என்றேன். சிரித்தார்.

சுமன் முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. திட்டியிருந்தால் அண்ணன் கோபத்தில் கிளம்பியிருப்பார்.

"போங்கண்ணே, நான் ஏன் தடுக்கிறேன்? குடும்பத்தோட இருக்க வேணாமா?" என்றார். "ஆனா லேடியை வேற ஒரு கைக்குப் பழக்கிட்டுப் போங்க. யாரும் வார் மாட்ட முடியாத குதிரைய வச்சி நான் என்ன செய்ய? தீனிதான் போடணும். அவுத்துத்தான் விடணும்."

அவிழ்த்து விடுவது என்றால் என்ன என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு ஆகாத குதிரைகளைச் சில முதலாளிமார் ரோட்டில் விட்டுவிடுவார்கள். அவை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கும். குப்பை மேட்டில் பொலித்தீன் பையோடு மரக்கறித் தோலைத் தின்னும். பனியில் லொறிக்காரன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அந்த வருடம் அப்படி அடிபட்ட ஒன்று பதுளை ரோட்டோரம் கிடந்ததை அண்ணனும் நானும் பஸ்ஸில் போகும்போது பார்த்தோம். இறங்கும்வரை அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார்.

ஆள் தேடக் கஷ்டப்படவில்லை. வேலாயி அக்காவின் தம்பி மூக்கன் இருந்தார். மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், வேலை நின்று சும்மா இருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். "அக்காவுக்காகச் செய்யிறேன் மச்சான்" என்று வந்தார்.

இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்ததை அண்ணன் மூக்கனுக்குத் திறந்து காட்டினார். துண்டு துண்டாகப் பிரித்து, எது முதலில், எது பிறகு, விரல் எங்கே, மூச்சு எப்படி விட வேண்டும் என்று எல்லாம் சொன்னார். மூக்கனும் மண்டையை மண்டையை ஆட்டினார். மூக்கு வார் ஏறியது. இரும்பு ஏறியது. கன்னம் வரைக்கும் சிட்டு பொறுத்துக்கொண்டது. உச்சி வாரோடு கை கழுத்துப் பக்கம் போனதும் பின்வாங்கி, சுவரில் மோதி, தலையை வீசியதில் மூக்கன் என் தொப்பி மூட்டைகளுக்கு மேலே போய் விழுந்தார்.

அடுத்த நாள் மூக்கனுக்குத் தன் கோட்டைப் போட்டுவிட்டார். வாசத்தை வைத்து ஏமாந்துவிடும் என்று நினைப்பு. வேலாயி அக்கா பின்னிய தொப்பியையும் மாட்டினார். மூக்கனுக்கு அது கண்ணை மறைத்தது. இருட்டில் தடவுகிற ஆள் மாதிரி அவர் நடந்துவர, சிட்டு நிமிர்ந்து பார்த்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணன் பின்னால் ஒளிந்து நின்று தான் வழக்கமாக முணுமுணுக்கிறதையே முணுமுணுத்தார். சிட்டு ஏமாறவில்லை. கை கழுத்தைத் தொட்டதும் பழைய கதைதான். இந்த முறை மூக்கனின் தோள் கன்றிப்போனது.

அப்படியே நாட்கள் போயின. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், கருப்பட்டி கொடுத்துப் பார்த்தார்கள், அண்ணன் கையின் மேல் மூக்கன் கையை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பொங்கல் நெருங்க நெருங்க அண்ணனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

பொங்கலன்று கடை மூடுகிற நேரத்தில் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"சிட்டு பயந்தவதான். ஆனா இவ்வளவு பயம் அவளுக்கு இல்ல தங்கச்சி. மிச்சத்த நான்தான் குடுத்தேன். எவன் கை வந்தாலும் நாக்கத் தட்டித் தட்டி... என் சோத்துக்காக அவளுக்கு ஊரையே ஆவாமப் பண்ணிட்டேன். இப்ப நான் போனா அவ ரோட்டுல. நான் போகலைன்னா வேலாயி..."

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணே, அது குதிர. அக்கா மனுசி. இதுல யோசிக்க என்ன இருக்கு? பேக்கக் கட்டுங்க" என்று சத்தம் போட்டேன். சரி என்கிறாரா இல்லை என்கிறாரா என்று தெரியாதபடி அவர் தலையை ஆட்டினார். அதுவரை இந்த மனிதர் போகமாட்டாரோ என்ற பயம் எனக்கு வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் பேக்கோடு வந்துவிட்டார். பயணப் பேக், இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. கொழும்பு பஸ்ஸுக்குப் போகிற வழியில் சிட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். போகத்தான் துணிந்திருந்தார். நான் மனதுக்குள் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

கொட்டிலில் சுமன் முதலாளி நின்றார். கூட மூக்கன். கூடவே நான் அதிகம் பார்த்திராத ஒரு நடுத்தர வயதுக்காரர். பெயர் அழகுமுத்து என்றார்கள். பல வருடம் பந்தயக் குதிரைகளோடு கிடந்தவராம். முதலாளி சொல்லியனுப்பி வரவழைத்திருந்தார். கையில் ஒரு முழ நீளக் கட்டை. அதன் நுனியில் ஓட்டை போட்டு ஒரு கயிற்று வளையம் கோத்திருந்தது. பார்க்க ஒன்றுமில்லாத சாமான்.

அழகுமுத்து கெட்டவர் இல்லை. சிட்டைத் தட்டிக்கொடுத்துத்தான் தொடங்கினார். மூக்கனையும் முதலாளியையும் பக்கத்துக்கு ஒருவராக நிறுத்தி, சிட்டைச் சுவரோடு நெருக்கி, மூக்குக்குக் கீழே மேலுதட்டைக் கொத்தாகப் பிடித்து வளையத்துக்குள் விட்டார். கட்டையைச் சுற்றினார். கயிறு உதட்டை இறுக்கியது. இன்னொரு சுற்று. அவ்வளவுதான். சிட்டு அசையாமல் நின்றது. கண் பாதி மூடிக்கொண்டது. தூங்கி வழிகிறது என்றுதான் தெரியாதவர்கள் நினைப்பார்கள். கழுத்து மட்டும் நனைந்துகொண்டே வந்தது.

"இப்ப மாட்டுங்க" என்றார் அழகுமுத்து.

மூக்கன் முழுக் கடிவாளத்தையும் கோத்தபடியே தூக்கினார். நெற்றி வாரோடு கூடிய புதுக் கடிவாளம், முதலாளி வாங்கி வந்தது. வலது காதை மடித்து உள்ளே விட்டார். இடது காதை மடித்து விட்டார். சிட்டு நின்றுகொண்டே இருந்தது.

"அட, இவ்வளவுதானா!" என்று முதலாளி சிரித்துவிட்டார். மனதார வந்த சிரிப்பு, குத்தல் இல்லை. "இதுக்காண்ணே இத்தன வருசம் ஒரு லீவு போடாமக் கெடந்தீங்க? பாவம்ண்ணே நீங்க. இனி கவலையில்லாமப் போய்ட்டு வாங்க."

சோலைமலை அண்ணன் வாசலில் பேக்கோடு நின்றார். மகள் கல்யாணம், தீபாவளி, அக்கா தனியே தின்ற பலகாரம் எல்லாவற்றையும் இந்தக் குதிரையின் காதுக்குத்தான் கொடுத்திருந்தார். அவர் கை இல்லாமல் ஆகாது என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். ஒரு கட்டையும் சாண் கயிறும் போதுமாக இருந்திருக்கிறது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் ஒரு வகையில் நல்லதுதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். சிட்டை ரோட்டில் விடமாட்டார்கள். மூக்கனுக்கு வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமும் இருக்கிறது. "கெளம்புங்கண்ணே" என்று பேக்கின் வாரைத் தொட்டேன்.

அழகுமுத்து கட்டையைத் தளர்த்தி எடுத்தார். உதடு வெளுத்துச் சுருங்கியிருந்தது. "ஒண்ணு சொல்லணும் மொதலாளி" என்றார். "இதுக்குத் தெனமும் ரெண்டு ஆளு வேணும். ஒருத்தரு புடிக்கணும், ஒருத்தரு மாட்டணும். எனக்கு வேற வேல இருக்கு, நான் வர ஏலாது. புடிக்கிறவரு நெதானமா இருக்கணும். கூட முறுக்கினா ஒதடு அழுகிப்போகும். கொறைய முறுக்கினா மாட்டுறவரு செத்தாரு."

"அது பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. "கெஸ்ட் ஹவுஸ்ல வேல செய்யிறவங்க யாராச்சும் காலையில வந்து புடிச்சிட்டுப் போகட்டும். அன்னன்னைக்கி யாரு சும்மா இருக்காங்களோ அவுங்க வரட்டும்."

அன்றன்றைக்கு யாராவது. அதைக் கேட்டதும் அண்ணன் சிட்டைப் பார்த்தார். நான் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினேன். உண்மையாகவே தள்ளினேன். "அண்ணே, வேணாம். போங்க. அக்காவ நெனைங்க" என்றேன். பேக் அவர் தோளிலிருந்து இறங்கி என் தொப்பி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டது.

"இங்க குடுங்க. நான் புடிக்கிறேன்" என்றார் அழகுமுத்துவிடம்.

"நீங்க போறீங்கதானேண்ணே?" என்றார் முதலாளி.

"எவ்வளவு முறுக்கினா அவ தாங்குவான்னு வேற எவனுக்குங்க தெரியும்?"

மூக்கன் பழகிக்கொள்வதற்காக இன்னொரு முறை செய்து பார்ப்பதென்று கடிவாளத்தைக் கழற்றினார்கள். அண்ணன் கட்டையை வாங்கிக்கொண்டு சிட்டுக்கு முன்னால் போய் நின்றார். அழகுமுத்துவுக்கு அந்த உதட்டைப் பிடிக்க இரண்டு ஆளும் ஒரு சுவரும் வேண்டியிருந்தது. இவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டினார். சிட்டு தானாகவே முகத்தைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தது. மூக்கு வார் வருகிறது என்று நினைத்திருக்கும். அவர் உதட்டைப் பிடித்து, வளையத்தை மாட்டி, முறுக்கினார்.

அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைக்கக் கை இல்லை. "மாட்டு மச்சான், சுருக்கா மாட்டு" என்றார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன்.

"ஏறிட்டீங்களா?" என்றது வேலாயி அக்காவின் குரல். "அந்த ரூமைக் கழுவி விட்டுட்டேன். பாய் ஒண்ணும் வாங்கிப் போட்டிருக்கேன்."

"அக்கா, நான் பஸ்மிலா" என்றேன்.

"அவரு எங்க தங்கச்சி?"

"கொட்டில்ல. ரெண்டு கையும் வேலையா இருக்கு அக்கா. இருங்க." போனைச் சத்தமாக வைத்து அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"வேலாயி" என்றார் அவர். "நான் இவளப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். விட்டா அவ மூக்கன மிதிச்சிருவா. இப்ப விட ஏலாது வேலாயி."

பின்னால் கிழவியின் டிவி கேட்டது.

"புடிச்சிக்கிட்டே இருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மூக்கன் இரண்டாவது காதோடு தடுமாறிக்கொண்டிருந்தார். "தளருதுண்ணே, பாத்து" என்றார் அழகுமுத்து. சோலைமலை அண்ணன் இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.